ஒரு துளை தள்ளி

சாந்து மியாலி, சார்டீனியா
20 பிப்ரவரி 1961

அன்புள்ள ஸ்பெரான்சாவுக்கு,

உன் அண்ணி பத்திஸ்தினா எழுதுவது. இங்கே உன் அண்ணன், பிள்ளைகள் மூன்று பேர், பசுக்கள் நான்கு, எல்லோரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் வயிற்றுவலி. கார்னிவல் பணியாரத்தைக் கணக்கில்லாமல் தின்றதால் வந்தது, ஆகவே நீ இரக்கப்படத் தேவையில்லை. டூரின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? நான் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்கிறாயா, அல்லது பட்டணத்துக்காரி ஆகிவிட்டதால் விறைத்துக்கொண்டு நடக்கிறாயா?

கார்னிவல் செவ்வாயன்று குதிரை ஜோடி ஓட்டம் குறையில்லாமல் நடந்தது. பதினாறு ஜோடி ஓடியது. மேல்முனையிலிருந்து கோவில் வரை ஒருவரும் பக்கத்துக்காரன் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை. ஓடிய குதிரைகளில் ஒன்பதுக்கு உன் அண்ணன் தைத்த சேணம். அவர் வழக்கம்போல் ஊன்றுகோலோடு கடை வாசலில் நின்று, ஒவ்வொரு குதிரை போகும்போதும் சேணத்தை இறுக்கிய அதன் வயிற்று வாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையையும் பார்ப்பதில்லை, ஏறியவனையும் பார்ப்பதில்லை. தைத்தவனுக்கு அப்படித்தான் போலிருக்கிறது.

எழுதாதே என்பாய், ஆனாலும் எழுதுகிறேன். அந்தியோக்கோ இந்த வருடமும் வெல்வெட் கோட்டு போட்டு, கறுப்புக் குதிரையைத் தேய்த்து மினுக்கி, மேல்முனையில் வந்து நின்றான். கடைசி ஜோடி போகும்வரை நின்றான். ஆறு வருடமாக அவனோடு ஓட ஒருவன் இல்லை. கூட்டத்தில் யாரோ, "அவன் தோள்ல கை போடுறதுக்குச் செவுத்துல போடலாம்டா, செவுரு பாதியில விடாது!" என்று கத்தினான். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அண்ணன் உள்ளே போய்விட்டார்.

இத்துடன் ஒரு ஜோடி காசிசோலு அனுப்பியிருக்கிறேன். இந்த மாதம் பால் நன்றாக இருந்தது. பாலாடைக்கட்டி வழவழவென்று வந்திருக்கிறது, பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணனும் விசாரித்தார், அதாவது தலையை ஆட்டினார்.

பத்திஸ்தினா


டூரின்
12 மார்ச் 1961

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். அண்ணன், பிள்ளைகள், பசுக்கள் நால்வர், எல்லோருக்கும் என் அன்பு. காலுறை போட்டுக்கொள்கிறேன், இரண்டு ஜோடி சேர்த்தே.

காசிசோலு கிடைத்தது. வெட்டினபோது ஒரு சொட்டு வெண்ணெய்க் கண்ணீர் வந்தது. என்னோடு அறையில் இருக்கிற ஆதா மோந்து பார்த்து, "இது என்ன, பேரிக்காயா, பூசணியா?" என்றாள். தின்ற பிறகு பேச்சில்லை. ஆனால் ஒரு தொல்லை, அண்ணி. ஒரே கயிற்றில் இரண்டைக் கட்டி அனுப்புகிறீர்கள். ஜன்னல் கம்பியில் மாட்டினால் அழகாகத் தொங்குகிறது. ஒன்றை அறுத்து எடுத்த உடனே மற்றது தொப்பென்று விழுகிறது. இந்த முறை கயிற்றின் அந்தப் பக்கத்தில் என் பழைய பூட்ஸைக் கட்டி வைத்திருக்கிறேன். கட்டியும் பூட்ஸுமாகத் தொங்குவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

மற்றதைப் பற்றி. அந்தப் பெயரை எனக்கு எழுத வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது? எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஓடுகிற குதிரையில் என் அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்து, அவனைச் சுவரில் மோத விட்டவன். இடுப்பெலும்பு உடைந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவன் உங்கள் புருஷன்தானே, அண்ணி? அந்த ஆள் தெருமுனையில் நின்றால் என்ன, நட்டுவைத்த கம்பமாக வேர்விட்டால் என்ன. நான் மறந்து வெகுநாள் ஆகிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

ஸ்பெரான்சா

பி.கு. அது அதே பச்சைக் கோட்டா?


சாந்து மியாலி
30 ஏப்ரல் 1961

அன்புள்ள ஸ்பெரான்சாவுக்கு,

எல்லோரும் நலம். ஈஸ்டரை நல்லபடியாகக் கழித்தோம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அதே பச்சைக் கோட்டுதான். முழங்கையில் தேய்ந்திருக்கிறது. மறந்தவளுக்கு நிறம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான் அப்படிப்பட்ட அண்ணி இல்லை.

வசந்தகாலப் புல் தின்று பசுக்கள் பொழிகின்றன. வாரம் மூன்று முறை கட்டி போடுகிறேன். கையெல்லாம் வெந்து சிவந்து கிடக்கிறது. உனக்குத் தெரியும், திரைந்த பால் எப்போது பதத்துக்கு வரும் என்று அதற்குத்தான் வெளிச்சம். ஒரு துண்டைக் கொதிநீரில் முக்கி இழுத்துப் பார்ப்பேன், அறுந்துபோகும். அரைமணி கழித்து இழுப்பேன், அப்போதும் அறுந்துபோகும். பிறகு ஒரு தரம் இழுத்தால் நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் கெஞ்சினாலும் வராது. உன் அண்ணனை ஒரு வரி எழுதச் சொன்னாலும் இதே கதைதான். "நீதான் எழுதுறியே, நான் என்னத்த எழுத?" என்கிறார்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. கடை ஜன்னலில் புதுக் குத்தூசி ஒன்று இருந்தது. ஆட்டுக்கொம்புப் பிடி. ஊரில் அப்படிச் செய்கிற கத்திக் கொல்லன் ஒருவன்தான், பெயரைச் சொல்லமாட்டேன். விசாரித்தால், வருடா வருடம் இப்படி ஒன்று வருகிறதாம், வைத்தவனைப் பார்த்ததில்லையாம். உன் அண்ணன் அதில்தான் தைக்கிறார். "உங்களைக் கீழ தள்ளினவன் ஊசி செஞ்சு குடுக்குறான், நீங்களும் வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டேன். "ஊசி நல்ல ஊசி" என்றார். இந்த வீட்டில் பதில் இப்படித்தான் கிடைக்கும்.

நலம் எழுது.

பத்திஸ்தினா


டூரின்
4 ஜூன் 1961

அன்புள்ள அண்ணிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கைக்கு ஆலிவ் எண்ணெய் தடவுங்கள்.

எனக்கு வேலையில் ஏற்றம். இதுவரை இயந்திரத்தில் பேருந்து இருக்கைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா? இப்போது கைத்தையல் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். பெரினோ மேஸ்திரி என்று ஒரு கிழவர், வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. நான் மெழுகு நூல் திரிப்பதைப் பார்த்து, "யாருகிட்ட கத்துக்கிட்ட?" என்றார். "எங்கண்ணன் சேணக்காரன்" என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தனி மரியாதை.

ஆனால் முதல் வாரமே திட்டு வாங்கினேன். அழகாக இருக்கட்டும் என்று நெருக்கி நெருக்கித் தைத்தேன். அவர் வாங்கிப் பார்த்து இரண்டு கையாலும் ஓர் இழு இழுத்தார். துளை வரிசையோடு கிழிந்து வந்துவிட்டது, அண்ணி, தபால்தலையைக் கிழிப்பதுபோல. "நூல் அறுந்துச்சுன்னா அது நூலோட குத்தம். தோலு கிழிஞ்சுதுன்னா அது தைச்சவன் அவசரம்" என்றார். அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். தங்கச்சி இத்தனை வயதில் பாடம் படிக்கிறாள் என்று சிரிக்கட்டும்.

இன்னொன்று. டிராம் கண்டக்டர் ஜிராவ்தோ என்று ஒருவர், மனைவியை இழந்தவர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னோடு வீடு வரை நடந்து வருகிறார். அதிகம் பேசுவதில்லை. நல்ல மனிதர். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, அதனால் நீங்களும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
ஸ்பெரான்சா


சாந்து மியாலி
10 செப்டம்பர் 1961

அன்புள்ள ஸ்பெரான்சாவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று கோபித்திருப்பாய். யாருக்கும் நோய் இல்லை, பயப்படாதே. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். எனக்கு அப்படி ஒரு நிலை வந்தது என்றால் நீயே பார்த்துக்கொள்.

உன் ஜூன் கடிதத்தை வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். கிழவர் சுருட்டு வரை உன் அண்ணன் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தோல் கிழிந்த இடத்துக்கு வந்தேன். கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து கடைக்குப் போனார். சூப் ஆறிப்போனது.

அன்றிலிருந்து ஊரில் யார் குதிரை தெருவில் போனாலும் நிறுத்தி, வயிற்று வாரைக் கழற்றச் சொல்லி, பழைய தையலைப் பிரித்து இடைவெளி விட்டுத் தைத்துக் கொடுக்கிறார். தானே சென்று கேட்டு வாங்குகிறார், காசும் வாங்குவதில்லை. "உன் புருஷன் பக்கீசியோவுக்கு என்ன வேண்டுதல்?" என்று கடைத்தெருவில் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? இரவு முழுவதும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். உன் கடிதத்தை நான் பத்துமுறை படித்துவிட்டேன். அதில் ஒரு மனிதனைச் சூப்பை விட்டு எழுப்புகிற மாதிரி என்னடி எழுதியிருக்கிறாய்?

அந்த டிராம்காரரைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றாய். கேட்கவில்லை. என்ன வயது?

பத்திஸ்தினா


டூரின்
1 அக்டோபர் 1961

அன்புள்ள அண்ணிக்கு,

நாற்பத்து நான்கு. முன்வழுக்கை. போதுமா?

அண்ணனுக்கு வேலை அதிகமாகியிருக்கும், ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். நான் எழுதியதில் மனம் நோக ஒன்றுமில்லையே? கிழவர் என்னைத்தானே திட்டினார்?

அவனிடம் ஓர் உதவி கேளுங்கள். பெரினோ மேஸ்திரி நம்மூர் வயிற்று வாரைப் பார்க்க ஆசைப்படுகிறார். ஒன்றோடொன்று உரசி ஓடுகிற குதிரைகளுக்கு எந்தத் தையல் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடையில் ஏதாவது பழையது கிடந்தால், அறுந்ததானாலும் சரி, அடுத்த பொட்டலத்தில் போட்டு அனுப்பட்டும்.

ஜிராவ்தோ கேட்டுவிட்டார். போன ஞாயிறு, ஆற்றுப் பாலத்தில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. ஈஸ்டருக்குள் பதில் சொல்கிறேன் என்றேன். எனக்கு வயது முப்பத்தொன்று, அண்ணி. ஆசை இருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை. கை கொடுத்தால் பிடித்துக்கொள்வார், விடமாட்டார் என்று தோன்றுகிறது. எனக்கு அது போதும் என்று நினைக்கிறேன். ஒருமுறை பட்டாயிற்று அல்லவா?

அண்ணன் என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள். இதற்காவது அவன் வாய் திறக்கட்டும்.

ஸ்பெரான்சா


சாந்து மியாலி
3 டிசம்பர் 1961

அன்புள்ள ஸ்பெரான்சாவுக்கு,

பெட்டி வருகிறது. கிறிஸ்துமஸ் ரொட்டி, பாதாம் இனிப்பு, ஒரு சிறிய புட்டி சாராயம், ஒரு ஜோடி காசிசோலு. சின்னவன் மிச்சக் கட்டியில் பிசைந்த குதிரை ஒன்றும் இருக்கிறது, பன்றி என்று நினைத்துவிடாதே.

அந்த டிராம்காரர் செய்தியைப் படித்துக் காட்டியபோது உன் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் சொல்லவில்லை. முந்தாநாள் நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தார். "வார் நான் வைக்கிறேன், நீ வெளிய போ" என்றார். என் சமையலறையிலிருந்து என்னையே! போனேன். கதவிடுக்கில் பார்த்தேன். நம் பழைய பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய எதையோ எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் உனக்கு அனுப்புகிற பெட்டிக்குள் வைத்து அவரே ஆணி அடித்தார். ஒரு பெட்டிக்கு இருபது ஆணி. திறக்கச் சுத்தியல் கடன் வாங்கிக்கொள்.

"அவளுக்கு என்ன எழுதட்டும்?" என்றேன். "வார் போதும்" என்றார்.

எனக்கு ஒன்றும் நல்லதாகப் படவில்லை. கிடைத்ததும் எழுது.

பத்திஸ்தினா


டூரின்
17 டிசம்பர் 1961

அண்ணா,

உனக்குத்தான் எழுதுகிறேன், அண்ணிக்கு அல்ல. நான் சுகம். உன் சுகத்தை நீயே எழுத வேண்டும்.

வார் வந்தது. மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். சிவப்பு நூல். அந்தக் கார்னிவலுக்கு நான் சாயம் போட்டு, மெழுகிட்டு, கல்யாணப்பெண் கொடுக்கிற நூல் என்று சொல்லி உனக்குக் கொடுத்தது. அந்த நூலில் நீ ஒரே ஒரு சேணம்தான் தைத்தாய், உனக்கு. எனக்கு மறக்குமா?

துளைகளை எண்ணினேன். ஒரு விரல் அகலத்துக்கு ஏழு. தோல் அந்த வரிசையோடு கிழிந்திருக்கிறது. நூல் அப்படியே இருக்கிறது.

பெரினோ மேஸ்திரியிடம் காட்டவில்லை. எனக்கே படிக்கத் தெரிகிறது.

அண்ணி கையால் வேண்டாம். உன் கையால் எழுது.

ஸ்பெரான்சா


சாந்து மியாலி
8 ஜனவரி 1962

தங்கச்சிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். நாலு தாள் கிழித்தாயிற்று.

அந்த வாரம் பதினொரு சேணம் முடித்துக் கொடுத்தேன். என்னுடையதைக் கடைசியாக வைத்திருந்தேன். அவசரம். உன் சிவப்பு நூல் அழகாகத் தெரியட்டும் என்று நெருக்கிப் போட்டேன். போடும்போதே கைக்குத் தெரிந்தது. ஒரு நாள் ஓட்டத்துக்கு இது போதும் என்று நினைத்தேன்.

கிணற்றடி வளைவில் கிழிந்தது. சேணம் சரிந்தது. என் கை அந்தியோக்கோ தோளில் இருந்தது. பிடித்திருந்தால் அவனையும் இழுத்திருப்பேன். நான்தான் கையை எடுத்தேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். சட்டை கிழிந்தது. அவன் விடவில்லை.

கண் விழித்தபோது சுற்றி ஆட்கள். "அவன் கையை விட்டுட்டான், அப்படித்தானே?" என்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சேணத்தைக் கழற்றியவன் அவன். வாரைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து என் மெத்தைக்கு அடியில் செருகினான். "ஒனக்கு ரெண்டு புள்ள, பொண்டாட்டி வயித்துல ஒண்ணுடா" என்றான். அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சேணக்காரன் சொந்த வாரே கிழிந்தது என்று தெரிந்தால் இந்த ஊரில் அவன் தைத்ததில் ஒருவன் ஏறுவானா? படுக்கையில் கிடந்து அதைத்தான் நினைத்தேன். நாளைக்குச் சொல்வோம், எழுந்து நடந்த பிறகு சொல்வோம் என்று இருந்தேன். நீ கல்யாணத்தை நிறுத்தினாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நீ கப்பலேறிய அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். குதிரை மேல் குற்றமில்லை. குழி பறித்தவன் நான். அதில் உங்கள் இரண்டு பேரையும் போட்டேன்.

பத்திஸ்தினாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் பேசவில்லை. அவள் பேசாமலிருந்து நான் பார்த்ததில்லை.

டிராம்காரருக்குப் பதில் சொல்லும் முன் உனக்குத் தெரிய வேண்டும். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. வாரைத் திருப்பி அனுப்பு. அது எனக்கு இங்கே வேண்டும்.

உன் அண்ணன்,
பக்கீசியோ


டூரின்
21 ஜனவரி 1962

அந்தியோக்கோவுக்கு,

நீ சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன். சுகமா?

அண்ணன் எல்லாவற்றையும் எழுதிவிட்டான். மூன்று நாள் அவன் மேல் கோபமாக இருந்தேன். நான்காம் நாள் பட்டறையில் ஊசி பிடித்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று ஊரே சொன்னது. நான் நம்பினேன். நம் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி அண்ணியைத்தான் அனுப்பினேன். நானாக உன் வீட்டு வாசலுக்கு வந்து உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு அண்ணன் பொறுப்பில்லை.

ஏழு வருடம் தாமதமாகக் கேட்கிறேன். பதில் தெரிந்தே கேட்கிறேன். நீ கையை விட்டாயா?

இத்துடன் ஒரு வயிற்று வார் இருக்கிறது. நான் தைத்தது. ஒரு விரலுக்கு நான்கு துளைதான். பெரினோ என்கிற கிழவர் சுவரில் காலை ஊன்றி இழுத்துப் பார்த்துவிட்டார். உன் குதிரைக்கு என் நினைவிலிருந்து அளவு வைத்தேன். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடு, தப்பாக நினைக்கமாட்டேன். பழைய வாரை அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

ஸ்பெரான்சா


சாந்து மியாலி
5 பிப்ரவரி 1962

ஸ்பெரான்சாவுக்கு,

சுகம்தான். இடது கட்டைவிரலில் சம்மட்டி பட்டது, நகம் வளர்கிறது.

கேட்டாய் என்பதால் சொல்கிறேன். நான் விடவில்லை.

அன்று நீ வருவாய் என்று பட்டறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். உன் அண்ணி வந்தாள். நீ கேட்டிருந்தால் இல்லை என்று மட்டும் சொல்லியிருப்பேன். வாரைப் பற்றி அப்போதும் சொல்லியிருக்கமாட்டேன், ஆனால் இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்காதவளிடம் ஓடிவந்து சொல்ல எனக்கும் ரோஷம் இருந்தது. பிறகு நீ கப்பலேறிவிட்டாய் என்றார்கள். ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குத்தூசி செய்தேன்.

உன் அண்ணன்மேல் எனக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. அவன் கையை எடுக்காமல் இருந்திருந்தால் இன்று என் காலும் நேராக இருக்காது. அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

டிராம் ஓட்டுகிற ஒருவர் உன்னைக் கேட்டிருப்பதாகப் பத்திஸ்தினா சொன்னாள். ஓட்டுபவர் இல்லை, சீட்டுக் கிழிப்பவர் என்று திருத்தவும் செய்தாள். நல்லவர் என்றால், எனக்காக எதையும் தள்ளிப்போடாதே. கடன் தீர்ப்பதாக நினைத்து ஒருத்தி என் வீட்டுக்கு வர வேண்டாம்.

வார் கிடைத்தது. இன்னும் குதிரைக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பட்டறையில் மாட்டியிருக்கிறேன்.

அந்தியோக்கோ


சாந்து மியாலி
9 மார்ச் 1962

அன்புள்ள ஸ்பெரான்சாவுக்கு,

உன் அண்ணி மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். உன் அண்ணனோடு நான் பேசாமலிருந்தது பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் பசு கன்று போட்டது, கூப்பிட வேண்டியதாயிற்று. வீட்டில் எல்லோரும் சுகம், கன்று உட்பட. உன்னிடமிருந்து ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. டிராம்காரருக்கு என்ன சொன்னாய்? சுகமாகத்தானே இருக்கிறாய்?

நடந்ததைச் சொல்கிறேன். கார்னிவல் ஞாயிறு, பூசை விட்டு ஊர் முழுவதும் தெருவில் இறங்குகிற நேரம். உன் அண்ணன் கடைக்கதவில் ஆணி அடித்து அந்தக் கிழிந்த வாரை மாட்டினார். பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்றார். நான் உள்ளே நின்று ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரோ, "என்ன பக்கீசியோ, கிழிஞ்சத விக்கிறியா?" என்று கேலி செய்தான்.

"இது என் சேணத்து வார். நான் தைச்சது. ஏழு வருசத்துக்கு முன்னாடி கிணத்தடியில கிழிஞ்சது இதுதான். அந்தியோக்கோ கைய விடல. நான்தான் விட்டேன்" என்றார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்து வாரைக் கையில் எடுத்துத் துளைகளைப் பார்த்தார்கள். குதிரை ஏறுகிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அன்று மாலையே மூன்று பேர் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிப் போனார்கள். ஒருவன் மறுநாள் வந்தான். "நீதான் போன வருசம் காசு வாங்காம பிரிச்சுத் தைச்சியே, அப்பவே நெனச்சேன்" என்று சொல்லி மறுபடியும் கொடுத்துவிட்டுப் போனான். மற்ற இருவர் வரவில்லை. வருவார்களா என்று தெரியாது. பசுக்கள் இருக்கின்றன, சமாளிப்போம். அவர் இப்போது தூங்குகிறார், ஸ்பெரான்சா. குறட்டை தாங்கவில்லை.

செவ்வாயன்று அந்தியோக்கோ எப்போதும்போல மேல்முனையில் நின்றான். இந்த வருடம் இரண்டு மூன்று பேர் ஜோடி சேரக் கேட்டார்களாம். "ஆள் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். ஆள் யார் என்றா கேட்கிறாய்? என் புருஷன்! அந்த இடுப்போடு! நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். நான் கத்தினேன், யார் கேட்டார்கள்? கடைசி ஜோடியாக இறங்கினார்கள். ஓடவில்லை, நடைதான். உன் அண்ணன் கை அவன் தோளில், அவன் கை இவர் தோளில். போன வருடம் செவுரு செவுரு என்று கத்தினவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். கிணற்றடி வளைவு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கோவில் வாசலில் இருந்தார்கள். குதிரையிலிருந்து இறக்கின பிறகும் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. நான்தான் பிரித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

இப்போது தவக்காலம், அதனால் இறைச்சி இல்லை. மேசையில் ரொட்டியும் காசிசோலும்தான். எதிரே உட்கார்ந்து உன் பங்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிற ஒருவனுக்குத் தாளின் அடியில் இடம் வேண்டுமாம். விடுகிறேன். அந்தப் பூட்ஸை ஜன்னலிலிருந்து இறக்கு, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்.

பத்திஸ்தினா

ஸ்பெரான்சா,

உன் வாரைத்தான் போட்டுக்கொண்டு இறங்கினேன். தையல் உறுதி. துளைகளை எண்ணினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அளவு பத்தவில்லை. ஏழு வருடம் ஓடாமல் நின்று குதிரைக்கு வயிறு வைத்துவிட்டது. மூச்சை அடக்கச் சொல்லித்தான் கட்டினேன். நடப்பதற்கு இது போதும். ஓட வேண்டுமானால் ஒரு துளை தள்ளிப் போட வேண்டும்.

அளவை எழுதி அனுப்ப எனக்குத் தெரியாது. நீயே வந்து எடுத்துக்கொள்.

அந்தியோக்கோ